கிரைண்டர் மேல் போட்ட பழி

கடை இப்போது உங்கள் இருவருடையது. போன வாரம் அந்தப் பக்கம் வந்தபோது பார்த்தேன். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டீர்கள், கண்ணாடி அலமாரியை ஓரம் தள்ளி நான்கு பேர் உட்கார இடம் செய்திருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சார், இத்தனை வருஷ அனுபவத்தை எங்களுக்காக எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டீர்கள். எந்த போர்டுக்கு எந்த ராம் சேரும், எந்த மாடல் எத்தனை நாள் உழைக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரியாததை போனில் தேடினால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அதை எழுதுகிறேன். படித்து முடித்ததும் என் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையும். அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தொழில் கற்றது சென்னையில், ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில். அங்கே என் முதலாளி அதிகம் பேசமாட்டார். யாராவது பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "ரொம்ப ஸ்லோவா இருக்குது, ஏதாவது போட்டுக் குடுங்க" என்றால் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார். மெஷினை மேஜையில் வைத்து ஓடவிட்டு, வந்தவரையே அதன் முன்னால் உட்காரவைப்பார். "வீட்ல என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த ஆள் எந்த இடத்தில் காத்திருக்கிறார், எந்த இடத்தில் எரிச்சலாகி மௌஸைத் தட்டுகிறார் என்று பார்ப்பார். அந்த இடத்தில் தடுப்பது ராமா, ஹார்ட் டிஸ்கா, ப்ராசஸரா என்று கண்டுபிடித்த பிறகுதான் எதை வாங்குவது என்ற பேச்சே வரும். பாதிப் பேரை எதுவும் விற்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். காஞ்சிபுரத்தில் சொந்தக் கடை போட்ட பிறகு நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன்.

அமுதா வந்த அன்றைக்குச் செய்யவில்லை.

அன்று வைகாசி கருட சேவை. கடை இருக்கும் தெருவின் நிலைமை அன்று எப்படி இருக்கும் என்று இந்த வருஷம் நீங்களே பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர் என்று ஒருவரும் வரவில்லை. போனுக்கு சார்ஜ் போட்டுக்கொள்ள, தண்ணீர் கேட்க, குழந்தையை நிழலில் உட்காரவைக்க என்று வெளியூர் ஜனம் கடையை நிரப்பியிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே சைக்கிள் கேரியரில் சிபியூவை வைத்து, சேலைத் துணியால் கட்டி, ஒரு கையால் அதைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு வந்தாள் அமுதா. பிள்ளையார்பாளையத்திலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இவள் வீட்டில் உட்கார்ந்து பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவள்.

அது என்ன வேலை என்று உங்களில் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். சேலையின் பார்டரிலும் முந்தானையிலும் வரும் அன்னம், மாங்காய், யாளி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு இழை. ஒரு கட்டம் தவறினாலும் தறியில் அந்த இடத்தில் பிழை விழும். ஒரு முந்தானைக்கே லட்சக்கணக்கில் கட்டங்கள் வரும். அந்த ஃபைலை வைத்துத்தான் தறிக்கு டிசைன் சொல்லும் துளை அட்டைகளை அடிப்பார்கள். டிசைன் வராவிட்டால் நெசவாளி தறியில் பாவு நூலைப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"ஃபைல தொறக்கச் சொல்லிட்டு உள்ள போய் சாதம் வடிச்சிட்டு வரேண்ணா. அப்பவும் சுத்திக்கினே இருக்குது" என்றாள். "எதனா மாத்திக் குடுங்க. ஆனா பத்தாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா கூட முடியாது."

இந்த இரண்டு வரியில் எல்லாமே இருக்கிறது. உங்களில் யாராவது அன்று கல்லாவில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பழைய ஹார்ட் டிஸ்குக்குத் துணையாக அதைவிடப் பல மடங்கு வேகமான ஒரு எஸ்எஸ்டி, இன்னொரு ராம், மீதிப் பணத்தில் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ். பத்தாயிரத்தில் தாராளமாக அடங்கும். ஃபைல் கண்மூடித் திறப்பதற்குள் திறந்திருக்கும்.

என் கண்ணாடி அலமாரியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. கேம் விளையாட வேண்டும் என்று ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டு, வாங்க வராமலே போய்விட்டார். ஏழு மாதமாக அது அங்கேயே இருந்தது. இரண்டு விசிறி வைத்த பெரிய கார்டு. தினமும் காலையில் அலமாரியைத் துடைக்கும்போது அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அமுதா டிசைன் என்ற வார்த்தையைச் சொன்னதும் என் கை அதற்குத்தான் போனது.

"டிசைன் வேலன்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம எப்படிம்மா? அதான் இழுக்குது" என்றேன்.

அவள் கார்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "எஸ்எஸ்டின்னு ஒண்ணு போட்டா நல்லா இருக்கும்னு என்கூட டிசைன் கிளாஸ் படிச்ச பொண்ணு சொல்லிச்சு."

"அது ஃபைலை சீக்கிரம் தொறக்கும். அவ்ளோதான். வேலை செய்யறது இதும்மா."

எழுதும்போதே கூசுகிறது. ஃபைல் திறக்க நேரமாகிறது என்பதுதான் அவள் சொல்லிக்கொண்டு வந்த குறையே. அதற்கான மருந்தையும் அவளே சொன்னாள். நான் அதைத் தட்டிவிட்டு, அவளுடைய சாஃப்ட்வேர் தொடவே தொடாத ஒரு பாகத்தை அவள் தலையில் கட்டினேன். அவளை மெஷின் முன் உட்காரவைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் எனக்கே வெட்கம் வந்திருக்கும். கடையில் கூட்டம், இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கார்டும் ஒரு ராமும் போட்டதில் அவள் பணம் முடிந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியவில்லை. மெஷினில் ஏற்கெனவே இருந்தது ஒரு மட்டமான சரக்கு. மேலே ஒட்டியிருந்த லேபிள் பெரிதாக ஏதோ சொன்னது. கையில் தூக்கிப் பார்த்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது. மின்சாரத்தை வாங்கி எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. பழைய சாமான்களுக்கே அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கார்டுக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். அதற்கான வயர் அந்தப் பெட்டியில் இல்லை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் வயரிலிருந்து ஒரு இணைப்பு எடுத்து கார்டில் செருகினேன். செருகும்போதே இந்தப் பெட்டி அதைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்த யாருக்கும் தெரியும்.

அமுதா மேஜை ஓரத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போடறதெல்லாம் புதுசு, இது மட்டும் பழசா இருக்குதே. தாங்குமாண்ணா?" என்று அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டாள். சரியான பாகத்தைக் காட்டித்தான் கேட்டாள்.

"தாங்கும்மா" என்றேன்.

மூன்று மாதம் தாங்கியது. ராம் போட்டதால் வேகம் கொஞ்சம் கூடியிருந்தது. அது கார்டினால் என்று அவள் நினைத்துக்கொண்டு இன்னொரு டிசைனரையும் என்னிடம் அனுப்பினாள்.

ஆவணி முகூர்த்த சமயம். காலை பத்து மணிக்குக் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அமுதா சிபியூவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மேஜையில் வைப்பதற்கு முன்பே எனக்கு அந்த வாடை வந்துவிட்டது. கருகிய வாடை.

"பட்டுன்னு ஒரு சத்தம்ணா. பொகையா வந்துச்சு. எதுவும் வரமாட்டேங்குது. என் டிசைன் எல்லாம் இதுலதான் இருக்குது. ஒம்பது வருசத்தது. கல்யாணச் சேலை முந்தானை ஒண்ணு பாதி முடிச்சு வெச்சிருக்கேன், தறி காலியா நிக்குது."

வேறு எங்கேயாவது காப்பி எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். அப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

கடையில் அப்போது ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பள்ளிக்கு இருபது கம்ப்யூட்டர் வாங்குவதற்காக விலை கேட்டு வந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் மூடியைக் கழற்றினேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கெப்பாசிட்டர்கள் வெடித்து வாய் பிளந்து கிடந்தன. நான் கொடுத்திருந்த இணைப்பு வயரின் பிளாஸ்டிக் உருகி கார்டோடு ஒட்டியிருந்தது. அந்தப் பெட்டி சாகும்போது தாறுமாறாக மின்சாரத்தைத் தள்ளி போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூடவே கொண்டுபோயிருந்தது. மூடியைத் திறந்த அரை நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. உருகிய வயரை விரலால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாண்ணா ஆச்சு?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். பாகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது பேராசை. அது யாருக்கும் வரும். அடுத்து நான் செய்தது வேறு. அவள் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் மூன்று, நான்கு நொடி இருந்திருக்கும். எனக்கு உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் போதும். தலைமையாசிரியர் கழுத்தை நீட்டிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. இருபது கம்ப்யூட்டர். நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்த நேரத்துல வீட்ல வேற என்னம்மா ஓடிக்கினு இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் இல்லயே. மாமியார் கிரைண்டர் போட்டாங்க, மாவு ஆட்ட."

"அதாம்மா. கிரைண்டர் ஓடறப்போ லைன்ல வோல்டேஜ் ஏறி எறங்கும். அதுதான் அடிச்சிருக்குது."

தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். "எங்க வீட்லயும் ஒரு தடவ மிக்ஸி போட்டு டிவி போச்சு" என்றார். பொய்க்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது.

அமுதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.  பிறகு ஹார்ட் டிஸ்கிலிருந்து எதையாவது மீட்க முடியுமா என்று கேட்டாள். சென்னையில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கே ஒருவரைத் தெரியும். ஆனால் அவர் டிஸ்கைத் திருப்பிப் பார்த்ததும் எதனால் போனது என்று சொல்லிவிடுவார். "கஷ்டம்மா. நெறைய செலவாவும், வரும்னு சொல்லவும் முடியாது" என்று அந்தக் கதவையும் சாத்தினேன்.

பழைய போர்டு ஒன்று போட்டு, ஒரு சுமாரான டிஸ்க் போட்டு, இந்தத் தடவை ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் வைத்துக் கொடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் வேண்டாம் என்றேன். "ரொம்ப தேங்க்ஸ்ணா" என்று கை கூப்பினாள். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த முந்தானையை போனில் எடுத்து வைத்திருந்த சில படங்களைப் பார்த்து முதலிலிருந்து கட்டம் கட்டமாக மறுபடி போட்டாளாம். பதினொரு நாள். அதுவரை அந்தத் தறி ஓடவில்லை. இதெல்லாம் அவள் அனுப்பிய அந்த இன்னொரு டிசைனர் சொல்லித் தெரிந்தது. கேட்டுவிட்டு "அடடா" என்றேன்.

மாதங்கள் போயின. தலைமையாசிரியரின் ஆர்டர் எனக்கே கிடைத்தது.

அடுத்த பங்குனியில் அமுதா போன் செய்தாள். சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு யுபிஎஸ் வாங்கப் போவதாகவும், வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டாள். வோல்டேஜ் பிரச்சினைக்காக. அதாவது என் பொய்க்காக.

நண்பகலில் போனேன். நான்கு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் தறிச் சத்தம் வரும் சந்து அது. உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே அமுதா வேலை செய்துகொண்டிருந்தாள். வெளிக்கூடத்தில் அவளுடைய மாமியார் தனபாக்கியம் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடாமல் நின்றது. கரண்ட் இல்லையோ என்று பார்த்தேன், உள்ளே ஃபேன் ஓடுகிறது.

"ஏம்மா, இந்த வெயில்ல ஃபேன் போட்டுக்கக் கூடாதா?" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"வேணாம்பா" என்று அவசரமாகக் கையை ஆட்டினார். "உள்ள அந்தக் கம்ப்யூட்டரு ஓடிக்கினு இருக்கும்போது நான் எந்த சுவிச்சயும் தொடமாட்டேன். ஒரு தடவ தொட்டு, அந்தப் பொண்ணு பாடுபட்டதெல்லாம் கரியாப் பூட்சு."

உள்ளேயிருந்து அமுதாவின் குரல் வந்தது. "அத்தே, ஃபேன் போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு எத்தினி தடவ சொல்றது?" அதில் சலிப்பும் இருந்தது, வேறு ஏதோ ஒரு பழைய கோபத்தின் மிச்சமும் இருந்தது.

மூலையில் கிரைண்டர் நின்றது. அதன் மேல் சாக்கைப் போர்த்தி, சாக்கின் மேல் மடித்த துணிகளை அடுக்கியிருந்தார்கள். சமையல் மேடையில் கடையில் வாங்கிய மாவுப் பாக்கெட் இருந்தது.

நான் யுபிஎஸ்ஸைப் பொருத்தினேன். கை வேலை செய்தது, தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தபோது தனபாக்கியம் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தப் பொட்டி வந்துடுச்சு இல்ல, இனிமே நம்மளால அதுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல தம்பி?" என்று கேட்டார். "ஆவாதும்மா" என்றேன். மோரைக் குடித்தேன். டம்ளரைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் எது என்று கேட்டால் அந்தக் கார்டை விற்றதைச் சொல்லமாட்டேன். கிரைண்டரைக் கைகாட்டியதைக்கூடச் சொல்லமாட்டேன். எதிரே வியர்த்துக்கொண்டு நின்ற அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டே அந்த மோரைக் குடித்துவிட்டு வந்ததைத்தான் சொல்வேன்.

பத்து நாள் அந்த வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. காரணம் நிறைய வைத்திருந்தேன். நடந்தது நடந்துவிட்டது, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர்கள் மறந்திருப்பார்கள், நான் போய்க் கிளறுவானேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே பயம்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் சொன்னால் பத்துத் தெருவில் சொன்ன மாதிரி. அந்தப் பக்கத்து டிசைனர்கள் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள்.

பதினோராம் நாள் ஒரு எஸ்எஸ்டியையும் இரண்டு ராமையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கார்டுக்கும் போர்டுக்கும் டிஸ்குக்கும் அவளிடம் வாங்கிய பணத்தை ஒரு கவரில் வைத்துக்கொண்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லும் எண்ணம் எனக்கு உறுதியாக இல்லை. பழைய வாடிக்கையாளர், ஏதோ என்னால் ஆனது என்று சொல்லி இதையெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

பையைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்ததும் அமுதா, "நான் எதுவும் கேக்கலியேண்ணா. எவ்ளோ ஆவும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனபாக்கியம் குறுக்கே வந்தார். "இன்னா இப்படிக் கேக்கற? அன்னிக்கே ஒண்ணு சும்மா குடுத்தாரு இல்ல? நல்ல மனசுப்பா ஒனக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த அம்மாள் பக்கம் திரும்பி நின்று சொன்னேன். "அம்மா, உங்க கிரைண்டரால எதுவும் ஆவல. நான் போட்ட சாமான் தப்பு. உள்ள இருந்த பழைய பொட்டி அதத் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். தாங்கும்னு பொய் சொன்னேன். எரிஞ்சப்புறம் எம்மேல வரக்கூடாதுன்னு கிரைண்டர் மேல பழியப் போட்டேன்."

 தனபாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் அன்னிக்கே நெனச்சேன்பா" என்றார் மெதுவாக. "கெரைண்டர் தெனமும்தான் போடறேன். அந்தப் பொட்டியும் தெனமும்தான் ஓடுது. அன்னிக்கி மட்டும் எப்படின்னு நெனச்சேன். தெரிஞ்சவரு சொல்றாரேன்னு வாய மூடிக்கினேன்."

அமுதா என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி வூட்டுக்கு வந்து நான் இவங்கள இன்னா கேட்டேன் தெரியுமாண்ணா? ஒங்களுக்கு மாவுதான் பெரிசாப் பூட்சான்னு கேட்டேன். பக்கத்து வூட்டுக்காரங்கல்லாம் வாசல்ல நின்னுக்கினு இருந்தாங்க. இவங்க ஒரு வார்த்த திருப்பிப் பேசல."  அவள் உள்ளே எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தனபாக்கியம் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "இத எம் புள்ளகிட்ட சொல்றியா? அவன் ஒரு மாசம் எங்கிட்ட பேசல."

அமுதா கணவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் தொழிற்சாலையில் டீ நேரத்தில் இருந்தார், பின்னால் நிறைய பேர் பேசும் சத்தம். நான் யார் என்று சொல்லி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றார். அமுதா ஸ்பீக்கரை அணைத்து போனை மாமியார் காதில் வைத்தாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் "சரிப்பா... சரிப்பா... வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

நான் கவரை நீட்டினேன். அமுதா அதைப் பிரித்துப் பார்த்தாள். "இது என் காசு, எடுத்துக்கறேன்" என்றாள். எஸ்எஸ்டியையும் ராமையும் எடுத்து என் பையிலேயே திருப்பி வைத்தாள். "இது வேணாம்." எரிந்துபோன டிஸ்கைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா, சென்னையில் ஒருவர் இருக்கிறார், நானே எடுத்துப் போகிறேன் என்றேன். "அட்ரஸ் மட்டும் எழுதிக் குடுங்க. நாங்களே எடுத்துக்கினு போறோம்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நானாகவே கிளம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து டிஸ்க் மீட்கும் அந்த நண்பர் ரிச்சி தெருவிலிருந்து கூப்பிட்டார். "நீங்க அனுப்பின டிஸ்க் பாத்தேன். அடியில இருக்கற போர்டு மட்டும்தான் கருகியிருக்குது. உள்ள ஒண்ணும் ஆகல. அதே மாடல் போர்டு கண்டுபிடிச்சு மாத்தி எல்லாத்தையும் எடுத்துட்டேன். அன்னைக்கே அனுப்பியிருந்தா நாலு நாள்ல முடிஞ்சிருக்கும். இவ்ளோ நாள் ஏன் வெச்சிருந்தாங்க?" என்று கேட்டார். அவருக்கும் சொன்னேன். மூன்றாவது தடவை. அவர் "ஓ" என்றார். நான்கு நாளில் கிடைத்திருக்க வேண்டியதை அவள் பதினொரு நாள் கண்விழித்துக் கையால் மறுபடி போட்டிருக்கிறாள்.

நான் பயந்த மாதிரி கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. இரண்டு மூன்று டிசைனர்கள் வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அமுதா வரவே இல்லை. வேறு கடையில் எஸ்எஸ்டி போட்டுக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு கடையை நடத்திய இரண்டு வருஷமும் மறுபடி என் பழைய முதலாளி மாதிரி வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்தேன். கையில் குறைவான பணத்தோடு வருகிறவர்களுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்துதான் கணக்குப் போடத் தொடங்குவேன். காப்பி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்காமல் யாரையும் அனுப்பியதில்லை. எரிந்துபோன மெஷின் வந்தால் பில்லிலேயே எது போனது, எதனால் போனது என்று எழுதிக் கொடுத்தேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதினேன். என்னால் என்றால் என்னால் என்று எழுதினேன். அப்படி இரண்டு பில் எழுதியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பொய் சொல்ல நேரம் கிடைக்காதபடி என் கையை நானே கட்டிப்போட்டுக்கொண்டேன், அவ்வளவே. உங்களிடம் வருகிறவர் பாதிப் பேருக்கு மூடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் எதைக் கைகாட்டுகிறீர்களோ அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அங்கே யாரோ ஒருவர் தலையில் அது விழும். அவர் யார் என்று நீங்கள் பார்க்கமாட்டீர்கள்.

கடையை உங்களிடம் கொடுப்பது என்று முடிவானதும் பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் போன் செய்து உங்கள் பெயரைச் சொன்னேன். பட்டியலில் அமுதாவின் எண்ணும் இருந்தது. இரண்டு நாள் தாண்டித் தாண்டிப் போய், கடைசியில் கூப்பிட்டேன். எடுத்தாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள். கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன், சௌக்கியம் என்றாள். கடையை விடுகிறேன், இரண்டு பேர் எடுத்துக்கொள்கிறார்கள், நல்ல பிள்ளைகள், விஷயம் தெரிந்தவர்கள் என்றேன்.

"அவங்களுக்கு இது தெரியுமாண்ணா?" என்று கேட்டாள்.

எது என்று நான் கேட்கவில்லை. "தெரியாதும்மா" என்றேன்.

"சொல்லிடுங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டு இப்போது சொல்லிவிட்டேன். அவள் எண் கடை நோட்டில் இருக்கிறது. ஒருநாள் கூப்பிட்டு, எங்களுக்குத் தெரியும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் கூப்பிட்டுச் சொன்னால் அவள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.